கோட்டையிலிருந்து குழு வரும்போது: வேலூர் மாவட்டத்தாருக்கு ஒரு மனு வழிகாட்டி

வேலூரில் கோட்டை என்றால் அகழி சூழ்ந்த நம்ம கோட்டைதான். ஆனால் மனு எழுதி அலைகிறவர்கள் "கோட்டைக்குப் போட்டிருக்கேன்" என்றால் அது சென்னைக் கோட்டை. சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இருக்கிற செயின்ட் ஜார்ஜ் கோட்டை. அங்கிருந்து எம்.எல்.ஏ.க்கள் அடங்கிய குழு ஒன்று மாவட்டத்துக்கு வரப்போகிறது, மனு அனுப்பலாம் என்று எப்போதாவது பேப்பரில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி வரும். உடனே நம்மில் பலர், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் கொடுத்த மனுவையே தேதியை மாற்றி ஜெராக்ஸ் எடுத்து அனுப்பிவிடுகிறோம். நானும் விதி தெரியாமல்தான் ஒன்று எழுதி அனுப்பினேன். பதிலே இல்லை. தப்பு என் மனுவில்தான் இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. அடுத்தவர்களும் அதே குழியில் விழ வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

எந்தக் குழு வருகிறது என்று முதலில் பாருங்கள்

பேரவையில் 234 உறுப்பினர்கள். பேரவை கூடுகிற நாட்களோ வருடத்தில் கொஞ்சம்தான். அத்தனை துறைகளையும் அந்த நாட்களுக்குள் உட்கார்ந்து அலச முடியாது. அதனால்தான் உறுப்பினர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, ஆளுக்கொரு வேலை கொடுத்திருக்கிறார்கள். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டு பக்க உறுப்பினர்களும் ஒரே குழுவில் இருப்பார்கள். அவையில் மேசையைத் தட்டிச் சண்டை போட்டவர்கள் குழுவில் ஒரே வேனில் வந்து இறங்குவார்கள். பார்க்கவே வேடிக்கையாக இருக்கும்.

நமக்குத் தெரிந்திருக்க வேண்டியவை ஐந்து. பொதுக் கணக்குக் குழு, தணிக்கை அறிக்கையை வைத்துக்கொண்டு "இந்தப் பணம் எங்கே போச்சு" என்று கேட்கும். அரசியல் சட்டத்தின் 151-ஆம் பிரிவுப்படி மாநிலக் கணக்கு பற்றிய சி.ஏ.ஜி. (தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை ஆளுநர் வழியாகப் பேரவைக்கு வரும். அதன் பத்திகள்தான் இந்தக் குழுவுக்குச் சரக்கு. மதிப்பீட்டுக் குழு, ஒதுக்கிய பணம் சிக்கனமாக, ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்க்கும். பொது நிறுவனங்கள் குழுவின் வேலை அரசுக் கம்பெனிகள், கழகங்கள் மீது: மின்வாரியம், நம்ம ஊர் பஸ்களை ஓட்டுகிற விழுப்புரம் கோட்டப் போக்குவரத்துக் கழகம், காட்பாடிப் பக்கத்து டெல் வெடிமருந்துத் தொழிற்சாலை மாதிரியானவை. அரசு உறுதிமொழிக் குழு, அமைச்சர்கள் அவையில் கொடுத்த வாக்கைத் துரத்தும். மனுக்கள் குழு, மக்கள் எழுதிய மனுவை எடுத்துக்கொண்டு அதிகாரியைக் கேட்கும்.

இந்த ஐந்துமே மாவட்டங்களுக்குச் சுற்றுப்பயணம் வரும். சிக்கல் அங்கேதான் ஆரம்பம். மதிப்பீட்டுக் குழு அரசு மருத்துவமனையையும் மாணவர் விடுதியையும் பார்க்க வந்த நாளில், வாசலில் பத்துப் பேர் மனுவோடு நிற்பார்கள். தலைவரும் மரியாதைக்காக வாங்கிக்கொள்வார், பக்கத்தில் நிற்கிற அதிகாரியிடம் நீட்டுவார். அது போய்ச் சேர்கிற இடம் நீங்கள் திங்கட்கிழமை கொடுத்த அதே தபால் பிரிவு. மனு அனுப்பச் சொல்லி முறையாக அறிவிப்பு கொடுத்து, அதை விசாரிப்பதற்கென்றே வருவது மனுக்கள் குழு ஒன்றுதான். பேப்பர் செய்தியில் குழுவின் பெயரை முழுசாகப் படியுங்கள்.

அந்த அறிவிப்பு பெரும்பாலும் மாவட்ட ஆட்சியரின் செய்திக்குறிப்பாக வரும். நாளிதழ்களின் வேலூர்ப் பக்கத்தில் உள்ளே எங்காவது கிடக்கும். தாலுகா ஆபீஸ், பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ் அறிவிப்புப் பலகைகளையும் பாருங்கள். கடைசித் தேதி கறாரானது. தேதி தாண்டினால் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று அறிவிப்பிலேயே எழுதியிருப்பார்கள்.

இன்னும் "வேலூர் மாவட்டம், ஆம்பூர்" என்று எழுதாதீர்கள்

2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் பக்கம் எல்லாம் ராணிப்பேட்டை மாவட்டம். ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி திருப்பத்தூர் மாவட்டம். இப்போதைய வேலூர் மாவட்டத்தில் இருப்பது வேலூர், காட்பாடி, அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் என்ற ஐந்து சட்டமன்றத் தொகுதிகள். எல்லாம் வட ஆற்காடாக இருந்த காலத்து ஆட்கள் இன்னமும் பழைய பழக்கத்தில் வேலூர் என்றே எழுதுகிறார்கள். குழு வேலூருக்கு வரும்போது வேலூர் மாவட்டத்து மனுவைத்தான் எடுக்கும். உங்கள் ஊர் ராணிப்பேட்டையில் இருந்தால் அந்த மாவட்டத்து அறிவிப்புக்குக் காத்திருங்கள்.

எதை எழுதக் கூடாது

மனுக்கள் குழு அறிவிப்பில் வழக்கமாக ஒரு பட்டியல் இருக்கும். நான் கொடுத்த முதல் மனு செத்தது அந்தப் பட்டியலில்தான். தனிநபர் குறை கூடாது. கோர்ட்டில் வழக்கு நடக்கிற விஷயம் கூடாது. வேலை கேட்பது, முதியோர் ஓய்வூதியம், பட்டா, அரசு உதவித்தொகை, வங்கிக் கடன், தொழில் கடன், அரசு ஊழியர் இடமாறுதல் இவை எதுவும் கூடாது. பல வருடமாகத் தீராமல் கிடக்கிற பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, அதுவும் ஒரே துறையைச் சேர்ந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் ஒரு கானாறு. அதன் மேல் இருந்த தரைப்பாலம் 2021 நவம்பர் வெள்ளத்தில் போய்விட்டது. பாலாறு, கவுண்டன்யா எல்லாம் கரை கொள்ளாமல் ஓடிய மாதம் அது. மண் கொட்டித் தற்காலிகமாகப் பாதை போட்டார்கள். ஒவ்வொரு மழைக்கும் அதுவும் கரையும். இதைத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்ததும் ஊரே திண்ணைக்கு வந்துவிட்டது. "அப்படியே ரேஷன் கடை கட்டடத்தையும் போட்டுடுப்பா" என்றார் ஒருவர். "சாயங்கால பஸ் வர்றதே இல்ல, அதையும் எழுது." பக்கத்து வீட்டுப் பெரியம்மா தன் ஓய்வூதியம் நின்றுபோனதைச் சொன்னார், அவரிடம் எப்படி மாட்டேன் என்பது? நாலு பக்கம் எழுதினேன். நெடுஞ்சாலை, கூட்டுறவு, போக்குவரத்து, வருவாய் என்று நாலு துறை, அதில் ஒன்று தனிநபர் குறை. அந்த மனுவை எந்தத் துறைக்கு அனுப்புவார்கள்?

பெரியம்மாவுக்கு வழி வேறு இருக்கிறது. ஓய்வூதியத்துக்குத் தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தார். பட்டாவுக்கு ஜமாபந்தி, ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்). மற்றதற்கு முதல்வர் தனிப்பிரிவு, 1100 என்ற உதவி எண், திங்கட்கிழமைக் குறைதீர்வு நாள். குழுவை இவற்றோடு போட்டுக் குழப்ப வேண்டாம்.

கோர்ட் விஷயம் வேலூர்க்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது. பாலாற்றில் தோல் கழிவு என்பது நமக்கு வாழ்நாள் பிரச்சினை. ஆனால் அது உச்ச நீதிமன்றம் வரை போன விஷயம்: 1996-இல் ஒரு தீர்ப்பு, 2025 ஜனவரியில் இன்னொன்று, அதற்கென்று கண்காணிப்புக் குழு. "தோல் கழிவால் எங்கள் கிணறு கெட்டது, இழப்பீடு வேண்டும்" என்று எழுதினால் நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது என்று திருப்பிவிட வாய்ப்பு அதிகம். அதே கிராமத்துக்குக் குடிநீர்க் குழாய் போட்டு, மேல்நிலைத் தொட்டி கட்டி, தண்ணீர் மட்டும் ஏறவே இல்லை என்றால் அது வழக்கில்லாத பொதுப் பிரச்சினை. அதை எழுதலாம்.

துறையைக் கண்டுபிடியுங்கள்: பாதி வேலை இதுதான்

சாலை, ஏரி இந்த இரண்டில்தான் மனுதாரர்கள் அதிகம் ஏமாறுவார்கள்.

ஏரி என்றால் எல்லோரும் "பி.டபிள்யூ.டி.", அதாவது பொதுப்பணித் துறை என்பார்கள். நீர்வளத் துறை இப்போது தனித் துறை. வேலூரில் மேல்பாலாறு வடிநிலக் கோட்டம் என்று செயற்பொறியாளர் அலுவலகம் இருக்கிறது. ஆனால் எல்லா ஏரியும் அவர்களுடையது இல்லை. ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாய்கிற நிலம்) 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கர், அதற்கு மேல் இருந்தால்தான் நீர்வளத் துறை. அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம், அதாவது பி.டி.ஓ. ஏரி கோடி போகிற கலங்கல் உடைந்திருக்கிறது என்று செயற்பொறியாளருக்கு எழுதினால் "இது ஒன்றிய ஏரி" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

சாலையும் அப்படியே. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை தேசிய நெடுஞ்சாலை, ஒன்றிய அரசு. காட்பாடி ஜங்ஷன் ரயில்வே, அதுவும் அவர்களே. மாநிலச் சட்டமன்றக் குழுவிடம் இவற்றைக் கேட்டுப் பயனில்லை. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, இதர மாவட்டச் சாலை மூன்றும் நெடுஞ்சாலைத் துறை. ஊராட்சி ஒன்றியச் சாலை, ஊராட்சிச் சாலை எல்லாம் ஊரக வளர்ச்சித் துறை. மாநகராட்சிக்குள் இருந்தால் மாநகராட்சி.

எங்கள் தரைப்பாலத்தில் நடந்த கூத்து இதுதான். மூன்று முறை திங்கட்கிழமை மனு கொடுத்தேன். முதல் பதில் நெடுஞ்சாலைத் துறையிலிருந்து: "மேற்படி சாலை ஊராட்சி ஒன்றியத்துக்குச் சொந்தமானது." இரண்டாவது பதில் ஒன்றியத்திலிருந்து: "மேற்படி சாலை நெடுஞ்சாலைத் துறைக்குத் தரம் உயர்த்தப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது." மூன்றாவதுக்குப் பதிலே இல்லை. இரண்டு கடிதமும் உண்மைதான். இரண்டுக்கும் நடுவில் பாலம் இல்லை, அவ்வளவுதான்.

இதைத் தெளிவாக்க ஒரு ஆர்.டி.ஐ. போடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, கட்டணம் 10 ரூபாய், வெள்ளைத் தாளில் எழுதி கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். பதில் தர 30 நாள். "ஏன் கட்டவில்லை?" என்று கேட்காதீர்கள், காரணம் கேட்டால் தகவல் இல்லை என்பார்கள். "இந்தச் சாலை எந்தத் துறையின் பதிவேட்டில் உள்ளது? அந்தப் பக்கத்தின் நகல் தரவும்" என்று ஆவணத்தைக் கேளுங்கள். குழு அறிவிப்பு வந்த பிறகு ஆர்.டி.ஐ. போட்டால் நேரம் போதாது. இப்போதே போட்டு வையுங்கள்.

எழுதுவது

தமிழில்தான். ஐந்து நகல் கேட்பார்கள். தேதி, கையெழுத்து, முழு முகவரி, போன் நம்பர். ஒரு பக்கம், மீறினால் ஒன்றரைப் பக்கம். முகவரி: தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, தலைமைச் செயலகம், சென்னை – 600 009. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் எழுதியது இப்படி ஆரம்பித்தது: "மாண்புமிகு ஐயா அவர்களின் பொற்பாதம் பணிந்து எழுதிக்கொள்வது. எங்கள் கிராம மக்கள் பல ஆண்டுகளாகச் சொல்லொணாத் துயரத்தில்…" இதைப் படிக்கிற பேரவைச் செயலக அலுவலருக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. எந்தக் கேள்வியைத் துறைக்கு அனுப்புவார்?

இரண்டாவது முறை எழுதியது இது:

"பொருள்: … ஊராட்சி, கானாற்றின் குறுக்கே இருந்த தரைப்பாலம் 2021 நவம்பர் வெள்ளத்தில் சேதமடைந்தது – மீண்டும் கட்டாதது குறித்து.

1. பாலம் இருந்த இடம்: … சாலை, புல எண் … (புகைப்படம் 1, 2).
2. இதைப் பயன்படுத்துவோர்: இரண்டு குக்கிராமங்கள், உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், பால் வண்டி.
3. நெடுஞ்சாலைத் துறையின் பதில், நாள் … (இணைப்பு 1). ஒன்றியத்தின் பதில், நாள் … (இணைப்பு 2). இரண்டும் பொறுப்பை மற்றவரிடம் விடுகின்றன.
4. ஆர்.டி.ஐ. பதிலின்படி இச்சாலை ஒன்றியத்தின் பதிவேட்டில் உள்ளது (இணைப்பு 3).
5. கிராம சபைத் தீர்மானம் (இணைப்பு 4).

கோரிக்கை: பாலத்துக்கு மதிப்பீடு எந்தத் தேதியில் தயாரிக்கப்பட்டது, யாருக்கு அனுப்பப்பட்டது, இப்போது எந்த நிலையில் உள்ளது என்று ஊரக வளர்ச்சித் துறையிடம் கேட்டு, பாலம் கட்டப் பரிந்துரைக்க வேண்டுகிறோம்."

கோரிக்கை வாக்கியத்தைக் கவனியுங்கள். குழு தானாகப் பாலம் கட்டாது. அதன் கையில் பணமும் இல்லை, ஆணையிடுகிற அதிகாரமும் இல்லை, பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். ஆனால் கேள்வி கேட்கலாம், கோப்பைக் கொண்டுவரச் சொல்லலாம், அதிகாரியை எதிரில் உட்காரவைக்கலாம். அரசியல் சட்டத்தின் 194-ஆம் பிரிவு தரும் சிறப்புரிமை பின்னால் இருப்பதால், குழுவிடம் தெரிந்தே பொய் சொல்வது உரிமை மீறல் விவகாரமாகிவிடும். திங்கட்கிழமை மனுவுக்கு "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று எழுதுகிற கை, இங்கே கொஞ்சம் நிதானிக்கும். அதனால் அந்தக் கை தேதி போட்டே ஆக வேண்டிய மாதிரி கேள்வியை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

கிராம சபைத் தீர்மானத்தை விடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு கூட்டம். தீர்மானத்தில் ஒரு வரி ஏறிவிட்டால் இது ஒரு ஆளின் குறை இல்லை, ஊரின் கோரிக்கை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 200 பேர் கையெழுத்துப் போட்ட தாளைவிட அந்த ஒரு வரிக்கு மதிப்பு.

லஞ்சம் வாங்கினார்கள் என்று எழுத வேண்டுமானால் அது லஞ்ச ஒழிப்புத் துறைக்கு. இங்கே கலந்தால் மனுவின் மையமே மாறிவிடும்.

அனுப்பிய பிறகு

செயலகத்தில் மனுக்களைச் சலிப்பார்கள். விதிக்கு உட்பட்டது என்று எடுத்துக்கொண்டவை சம்பந்தப்பட்ட துறைக்குப் போய், துறையின் பதிலோடு திரும்பும். குழு வருகிற தேதி முடிவானதும் உங்களுக்குத் தனியாகத் தகவல் வரும். எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது, கூடவே ஒன்றிய அலுவலகத்திலிருந்து போனும் வந்தது. அந்த போனில் பேசியவரின் குரலில் இருந்த மரியாதையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "சார், உங்க பாலம் விஷயமா… நேர்ல வந்து பார்க்கட்டுங்களா?"

இந்தக் கட்டத்தில் சில நேரம் வேலையே நடந்துவிடும். குழு வருவதற்குள் தெருவிளக்கு எரியும், குழாயில் தண்ணீர் வரும். சந்தோஷம்தான். அதற்காக "பிரச்சினை தீர்ந்துவிட்டது" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டால் அவசரப்படாதீர்கள். தீர்ந்தது எது, தீராதது எது என்று உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள்.

ஆய்வு நாள்

பெரும்பாலும் காலையில் குழு சில இடங்களைப் போய்ப் பார்க்கும். அப்புறம் சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம். ஒரு பக்கம் குழுத் தலைவர், உறுப்பினர்கள், செயலக அலுவலர்கள், ஆட்சியர். எதிரே துறை அதிகாரிகள் வரிசை வரிசையாக, ஒவ்வொருவர் மடியிலும் கட்டுக் கட்டாகக் கோப்பு. மனுதாரர்களை எண் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

ஊரிலிருந்து இரண்டு பேர் போங்கள், ஒருவர் பேசுங்கள். வேன் பிடித்து நாற்பது பேர் போனால் வெளியே மரத்தடியில்தான் உட்கார வேண்டியிருக்கும். சால்வை, மாலை வேண்டாம். அதற்கு ஆகிற நேரம் உங்கள் நேரத்தில் கழியும். எந்தக் கட்சி உறுப்பினர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துப் பேசாதீர்கள். பேச இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிது. மூல ஆவணங்களைத் தேதி வரிசையில் கோத்து எடுத்துப் போங்கள். டிபனை முடித்துவிட்டுப் போங்கள், உங்கள் முறை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எங்கள் முறை வந்தபோது நடந்ததை அப்படியே சொல்கிறேன். நான் மூன்று வாக்கியம் பேசினேன். தலைவர் ஒன்றியப் பொறியாளரைப் பார்த்தார்.

"எஸ்டிமேட் போட்டு அனுப்பியிருக்கோம் ஐயா."

"எந்தத் தேதி?"

பொறியாளர் கோப்பைப் புரட்டினார். பின்னால் இருந்தவர் குனிந்து ஒரு தாளை நீட்டினார். அதையும் புரட்டினார். "போன வருஷம்… ஐயா, சாலை நெடுஞ்சாலைத் துறைக்குப் போகப்போகுதுன்னு நிறுத்தி வெச்சிருக்கோம்."

"நெடுஞ்சாலைத் துறை யாருங்க?" இரண்டாவது வரிசையில் ஒருவர் எழுந்தார். "ஐயா, அந்தப் பட்டியல்ல இந்தச் சாலை வரலைங்க."

"அப்போ இவங்க யாருக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க?"

அறையில் சிரிப்பு வந்து அடங்கியது. மூன்று மனு, இரண்டு கடிதம், ஒரு ஆர்.டி.ஐ. இத்தனை நாள் எனக்குக் கிடைக்காதது அந்த ஒரு நிமிடத்தில் கிடைத்தது: ஒருவரை ஒருவர் கைகாட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தார்கள். என்னைக் கேட்டால் குழுவின் பலமே அதில்தான் இருக்கிறது. உங்கள் பிரச்சினை இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டதாக இருந்தால் மனுக்கள் குழு உங்களுக்குத்தான். பணமே இல்லாமல் நிற்கிற வேலை என்றால் இந்த வழியில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

தலைவர் கெடு சொன்னார்: ஒரு மாதத்தில் திருத்திய மதிப்பீடு. வெளியே வந்ததும் மரத்தடியில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னார், எந்தத் தேதி சொன்னார் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். நீங்களும் அன்றே எழுதுங்கள். மறுநாளே பாதி மறந்துவிடும்.

கூட்டம் முடிந்தது, இனிமேல்

ஒரு வாரத்துக்குள் மனுக்கள் குழுவுக்கே ஒரு கடிதம் போடுங்கள்: மனு எண், ஆய்வு நாள், அதிகாரி ஒப்புக்கொண்ட காலக்கெடு. ஒரு நகல் ஆட்சியருக்கு. கெடு முடிந்ததும் இன்னொன்று. குழுவின் அறிக்கை பேரவையில் வைக்கப்படும். அதிலுள்ள பரிந்துரைக்குத் துறை என்ன செய்தது என்று பதில் சொல்லியாக வேண்டும்.

இடையில் ஆர்.டி.ஐ. போடுவதாக இருந்தால் "குழுவுக்கு நீங்கள் அனுப்பிய பதிலின் நகல் தரவும்" என்று கேட்காதீர்கள். அவையின் சிறப்புரிமையை மீறுகிற தகவலுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(சி) பிரிவு விலக்கு தருகிறது. அதைக் காட்டி மறுப்பார்கள். மதிப்பீட்டின் நகல், அதை மேலே அனுப்பிய கடிதத்தின் எண், தேதி, நிர்வாக அனுமதி ஆணை என்று அலுவலகத்தின் சொந்தக் காகிதங்களைக் கேளுங்கள். விஷயம் அதேதான், மறுக்கத்தான் காரணம் கிடைக்காது.

அமைச்சர் சொன்ன வார்த்தை இருந்தால்

அரசு உறுதிமொழிக் குழுவைப் பற்றி நம்ம பக்கம் அவ்வளவாகத் தெரியாது. தெரிந்துகொண்டால் பலன் உண்டு. உங்கள் பிரச்சினை பற்றி எம்.எல்.ஏ. அவையில் கேள்வி கேட்டு, அமைச்சர் "ஆவன செய்யப்படும்" என்றோ "இந்த ஆண்டே எடுத்துக்கொள்ளப்படும்" என்றோ பதில் சொல்லியிருந்தால் அது வெறும் பேச்சோடு போவதில்லை. உறுதிமொழி என்று கணக்கில் ஏறினால், நிறைவேறியதா என்று குழு துறையைக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது, அந்த வார்த்தையைத் தேதியோடு பிடிப்பது. மானியக் கோரிக்கை (துறை துறையாகப் பணம் ஒதுக்குவது) விவாதம் நடக்கிற நாட்களில் உங்கள் தொகுதிப் பெயர் வருகிறதா என்று கவனியுங்கள். பேரவை நடவடிக்கைக் குறிப்புகள் பேரவையின் இணையதளத்தில் கிடைக்கும். எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கேட்டாலும் தேடித் தருவார்கள். தங்கள் தலைவர் பேசிய பேச்சு யாருக்காவது நினைவிருக்கிறது என்றால் அவர்களுக்கும் குளிர்ச்சிதான். தேதி கிடைத்ததும் குழுத் தலைவருக்கு அரைப் பக்கக் கடிதம்: இன்ன நாளில், இன்ன கேள்விக்கு, இன்ன பதில், இன்றுவரை நிலை இது, புகைப்படம் இணைப்பு.

கேள்வியே இதுவரை கேட்கப்படவில்லை என்றால் கேட்கவையுங்கள். எம்.எல்.ஏ.வைக் கல்யாண வீட்டில் பார்த்து "பாலம் வேணுங்க" என்று சொல்வதைவிட, கேள்வியைத் தட்டச்சு செய்தே கையில் கொடுத்துவிடுவது மேல். "… ஊராட்சியில் 2021 வெள்ளத்தில் சேதமடைந்த தரைப்பாலத்தை மீண்டும் கட்ட அரசு ஆவன செய்யுமா?" ஒரு வரி போதும்.

தேர்தல் வந்து பேரவை கலைந்தால் குழுக்களும் கலையும். புதுப் பேரவையில் புதுத் தலைவர், புது உறுப்பினர்கள். பழைய மனு தானாக உயிர் பிழைக்கும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். பழைய எண்ணைக் குறிப்பிட்டு, பழைய இணைப்புகளோடு, புதிதாக ஐந்து நகல் போடுங்கள்.

எங்கள் பாலம்? திருத்திய மதிப்பீடு ஒரு மாதத்தில் இல்லை, மூன்று மாதத்தில் போனது. நிர்வாக அனுமதி வந்தது. நகல் என்னிடம் இருக்கிறது. போன வாரம் இரண்டு பேர் டேப்பும் சுண்ணாம்பும் கொண்டுவந்து கானாற்றுக் கரையில் இரண்டு பக்கமும் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். மழைக்கு முன் வேலை தொடங்கவில்லை என்றால் அடுத்த கடிதம் தயார். தேதி மட்டும் போட வேண்டும்.